ஒரே மூச்சில்

அண்ணன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். நான் கதவோரம் நின்றிருந்தேன். உதவிக்குப் போனால் திட்டு விழும். மேலிருந்து மூன்றாவது பொத்தான் துளைக்குள் பாதி நுழைந்து, கொஞ்சம் யோசித்து, திரும்ப வெளியே வந்துவிட்டது. சொன்ன பேச்சு கேட்காத பிள்ளைகளைப் பார்ப்பதுபோலத் தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் மறுபடி ஆரம்பித்தான். கூடத்தில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அம்மாவின் குரல் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது.

ஏழாவது பொத்தானும் போட்டு முடித்ததும், "எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றான்.

"பாக்கலையே."

"பொய் சொல்லாதடா. கடிகாரத்தையே பாத்துட்டு நின்னே."

"பதினொரு நிமிஷம்."

"போன வாரம் பதினாறு," என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலை எடுத்தான்.

அவன் பிழைத்து வந்ததைக் கொண்டாட அன்று 34 பேர் வந்திருந்தார்கள். சிரிப்பும் போட்டோவும் கட்டிப்பிடிப்பும் நிறைய இருந்தன. ஆனால் அந்த நாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது அந்த மூன்றாவது பொத்தான்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வயிற்றுப்போக்கில் ஆரம்பித்தது. மூன்று நாளில் நின்றது, மறந்தும் போனோம். இரண்டு வாரம் கழித்து, கால் விரல்களில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றான். மறுநாள் பாதம் மரத்தது. அதற்கு அடுத்த நாள் மாடிப்படியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஏறினான். முதலில் பார்த்த மருத்துவர் சத்துக்குறைவு என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். அவர்மேல் கோபம் இருந்தது, இப்போது அவ்வளவு இல்லை. வருடத்துக்கு லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிற நோய் இது. ஐந்தாம் நாள் காலையில் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. விளையாடுகிறான் என்று நினைத்து நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பியல் மருத்துவர் சின்னச் சுத்தியலால் அவன் முழங்காலில் தட்டினார். கால் துள்ளவில்லை. கணுக்காலில் தட்டினார். அதுவும் அசையவில்லை. முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள்; புரதம் கூடியிருந்தது, அணுக்கள் கூடவில்லை. "ஜிபிஎஸ்" என்றார்கள். கில்லன் பாரே நோய். எங்கள் சொந்தபந்தங்களில் அதை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அத்தை கடைசி வரைக்கும் "அந்தப் பேரே வேண்டாம்" என்றுதான் சொன்னார்.

விஷயம் இதுதான். வயிற்றுக்குள் வந்த கிருமியோடு உடம்பு சண்டை போடுகிறது. சில கிருமிகளின் மேல்தோலில் இருக்கும் சில மூலக்கூறுகள் நம் நரம்பின்மேல் இருப்பவற்றைப் போலவே இருக்கும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பைலோபாக்டர் அதில் பேர்போனது. கிருமியை அடிக்க உடம்பு தயாரித்த ஆயுதம் நரம்பையும் சேர்த்து அடிக்கிறது. திருடனைப் பிடிக்கப் போன காவல்காரர், அதே நிறத்தில் சட்டை போட்டிருந்த வீட்டுக்காரரைப் போட்டு மொத்திய கதை. காலில் தொடங்கி மேலே ஏறும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில், அதிகம் போனால் நான்கு வாரத்தில் உச்சத்தைத் தொடும். அப்புறம் நின்றுவிடும். எங்கே போய் நிற்கும் என்பதுதான் கேள்வி.

முதல் நாள் இரவுப் பணியில் இருந்தவர் ஓர் இளம் மருத்துவர். ஆழமாக மூச்சை இழுத்து, நடுவில் மூச்சு வாங்காமல், ஒன்று இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொன்னார். இவ்வளவு இயந்திரங்களுக்கு நடுவில் இது என்ன சின்னப் பிள்ளை விளையாட்டு என்றிருந்தது எனக்கு. மூச்சுத் தசைகள் எவ்வளவு தாங்கும் என்று படுக்கையருகிலேயே பார்க்க இது ஒரு வழியாம். நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் ஐம்பது வரை போவார்கள். இருபதுக்குக் கீழே இறங்கினால் கவனமாக இருக்க வேண்டும். அண்ணன் 32 வரை எண்ணினான். அண்ணி கைப்பையிலிருந்து மகளின் பழைய கணக்கு நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் 32 என்று எழுதி நேரத்தையும் போட்டார். காலையில் 19. மத்தியானம் 11. பதினொன்றைச் சொன்னபோது 'பதி' மட்டும்தான் சத்தமாக வந்தது, 'னொன்று' வெறும் உதடாக இருந்தது. அன்று மாலை தொண்டைக்குள் குழாய் போட்டார்கள்.

அந்த நோட்டில் அதற்குப் பிறகு பல வாரம் எதுவும் எழுதப்படவில்லை.

இந்த நோய் வருகிறவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்கு வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. அண்ணன் 26 நாள் அதில் இருந்தான். இரண்டு வாரம் கழித்துக் கழுத்தில் துளை போட்டுக் குழாயை அங்கே மாற்றினார்கள். இதில் எதுவும் எனக்குப் பெரிய பயமாக இல்லை. பயமாக இருந்தது வேறொன்று: உள்ளே அவன் முழு விழிப்போடு இருந்தான். இந்த நோய் மூளையைத் தொடுவதில்லை. கை அசையாது, கால் அசையாது, குரல் இல்லை, ஆனால் வலிக்கும், அரிக்கும், பேசுவது எல்லாம் கேட்கும். கட்டிலோரம் நின்று "பாவம், எப்படி இருந்தவன்" என்று இறந்தகாலத்தில் பேசிய உறவினர்கள் உண்டு. அவன் அத்தனையையும் கேட்டுக்கொண்டு கிடந்தான். யார் யார் என்ன சொன்னார்கள் என்று இன்றைக்கும் ஒப்பிப்பான்.

நல்லவேளை, கண் இமை வேலை செய்தது. அண்ணி ஓர் அட்டையில் எழுத்துகளை எழுதினார். தமிழில் இதில் ஒரு சங்கடமும் உண்டு, ஒரு வசதியும் உண்டு. 247 எழுத்தையும் வரிசையாகக் காட்டினால் ஒரு வார்த்தைக்குள் பொழுது விடிந்துவிடும். ஆனால் முதலில் 18 மெய்யில் ஒன்று, அப்புறம் 12 உயிரில் ஒன்று என்று பிரித்துக்கொண்டால் வேலை சுலபம். முதல் வகுப்பில் ஏன் அதை அப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. அண்ணி விரலை நகர்த்துவார், சரியான எழுத்தில் அவன் இமையை மூடித் திறப்பான். முதல் நாள், முதல் எழுத்து 'ம்'. அப்புறம் 'ஊ'. மூ. அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். மூச்சு முட்டுகிறது என்று சொல்ல வருகிறான் என்று நினைத்து நான் செவிலியரைக் கூப்பிட ஓடினேன். அண்ணி மட்டும் நிதானமாக அடுத்த எழுத்துக்குப் போனார். 'க்'. அப்புறம் மறுபடி 'க்', பிறகு 'உ'. மூக்கு.

மூக்கு அரிக்கிறது. ஐந்து மணி நேரமாக அரித்துக்கொண்டிருந்ததாம். அண்ணி சொறிந்துவிட்டார். அவன் கண்ணில் தெரிந்த நிம்மதியை நான் யார் முகத்திலும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மருந்து பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு உறுத்தும். ஐவிஐஜி என்று நோய் எதிர்ப்புப் புரதத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றுகிற பிளாஸ்மா மாற்றம் என்று இன்னொரு வழியும் உண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தருபவை. ஸ்டீராய்டு கொடுத்தால் என்ன என்று குடும்பத்தில் மூன்று பேர் கேட்டார்கள்; அது இந்த நோய்க்குப் பலன் தருவதில்லை என்று எப்போதோ சோதித்து முடித்துவிட்டார்கள். ஐவிஐஜி வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள். அண்ணன் 70 கிலோ. அப்படியானால் நாளைக்கு 28 கிராம், மொத்தம் 140 கிராம். கண்ணாடிப் புட்டிகளில் நிறமே இல்லாத திரவமாகச் சொட்டியது. அது எதிலிருந்து வருகிறது என்று அந்த இளம் மருத்துவரிடம் கேட்டேன். மனிதர்கள் தானமாகக் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து என்றார். ஒருவர் இருவர் கொடுத்ததில்லை, ஒரு தொகுப்பில் குறைந்தது ஆயிரம் பேருடையது கலந்திருக்கும், பெரும்பாலும் அதற்கும் மேலே என்றார். ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் தந்தது அந்தச் சொட்டுக் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது. கொண்டாட்டத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல் போட்டபோது எனக்கு அந்தப் புட்டி ஞாபகம் வந்தது. வாய் திறந்து சொல்லவில்லை. அம்மா ஏற்கெனவே பெரிய கூட்டமாகிவிட்டது என்று கவலையில் இருந்தார்.

நோய் ஏறிய வழியிலேயே, மேலிருந்து கீழாக, இறங்கும் என்றார்கள். பெரும்பாலும் அப்படித்தானாம். எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது. முதலில் மூச்சு, அப்புறம் தோள், முழங்கை. மூன்றாவது மாதம் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் பிசியோதெரபிஸ்ட் பிடித்துக்கொள்ள எட்டு விநாடி நின்றான். விரலும் பாதமும் கடைசி. நரம்பின் மேலுறையான மயலின் மட்டும் கெட்டிருந்தால் சில வாரம், சில மாதத்தில் சரியாகும். உள்ளே இருக்கும் இழையே அறுந்திருந்தால் அது நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். இடுப்பிலிருந்து கால் விரல் வரை எவ்வளவு தூரம் என்று ஒரு நாள் ராத்திரி தையல் நாடாவை வைத்து என் காலையே அளந்து பார்த்தேன். அப்புறம் நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

"மலைபோல வந்தது பனிபோல விலகிடுச்சு" என்று கொண்டாட்டத்தில் குறைந்தது ஆறு பேர் சொன்னார்கள். அன்பாகச் சொன்னார்கள், தப்பில்லை. ஆனால் பனி இப்படி விலகாது. மலையை ஒருத்தன் கரண்டியால் வெட்டிக் கொட்டினான், இன்னும் பாதி மலை நிற்கிறது.

கொண்டாட்டம் அம்மாவின் யோசனை. "எல்லாரும் வந்து அவனைக் கண்ணால பாக்கணும்" என்றார். அண்ணனுக்கு இஷ்டமில்லை. "நான் என்ன பொருட்காட்சியா?" என்றான். பத்து நாள் இழுபறி. கடைசியில் அண்ணிதான் ஒரு இரவு அவனிடம் ஏதோ சொன்னார். மறுநாள் அவன் நிபந்தனைகளோடு வந்தான். இரண்டு மணி நேரம்தான். யாரும் மேடைப்பேச்சு பேசக் கூடாது. "இளைச்சுட்டே" என்ற சொல்லுக்குத் தடை. இருமல், சளி இருப்பவர்கள் இன்னொரு நாள் வரட்டும். கையைப் பிடித்துக் குலுக்கக் கூடாது, அவன் உள்ளங்கை இன்னும் தொட்டால் எரியும். கட்டிப்பிடிப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கட்டிப்பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே விழுந்துவிடுவான்.

யாருக்காக இந்தக் கூட்டம் என்று நான் அப்போதே யோசித்தேன். நோயாளிக்காக என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அவனுக்கு வேண்டியது மத்தியானத் தூக்கம். இந்த நோயிலிருந்து மீண்டவர்களில் பலருக்குச் சோர்வு வருடக்கணக்கில் கூடவே இருக்கிறது. பார்வைக்கு நன்றாக இருப்பார்கள், ஒரு மணி நேரம் பேசினால் விளக்கை அணைத்ததுபோல ஆகிவிடுவார்கள். கூட்டம் வேண்டியிருந்தது எங்களுக்கு. தொலைபேசி மணி அடித்தாலே வயிறு கலங்கியவர்களுக்கு. நல்ல சிகிச்சை கிடைத்தும் இதில் நூறில் மூன்று முதல் ஏழு பேர் இறந்துபோகிறார்கள் என்று படித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த எனக்கு. பயந்தவர்களுக்கு ஒரு நாள் தேவைப்படுகிறது, பயந்தது போதும் என்று யாராவது மணி அடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு அண்ணன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கொடுத்தான். அவ்வளவுதான்.

கைப்பிடியுள்ள உயரமான நாற்காலியைக் கூடத்தில் போட்டிருந்தோம். தாழ்வான சோபாவில் உட்கார்ந்தால் அவனால் எழ முடியாது. வந்தவர்கள் ஒவ்வொருவராக அவன் பக்கம் குனிந்தார்கள். என்னென்னவோ கேட்டார்கள். "இப்ப முழுசா சரியாயிடுச்சுல்ல?" என்பதுதான் அதிகம். முதல் பத்துப் பேருக்கு அவன் விளக்கம் சொன்னான். பதினோராவது ஆளிடம் "ஆமா, ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

சித்தப்பா மகன் வாசலிலேயே நின்றிருந்தான். சின்ன வயதில் அண்ணனும் அவனும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு அவன் ஒரு தடவைகூட வரவில்லை. எனக்கு அவன்மேல் ஆத்திரம் இருந்தது, மறைக்க மாட்டேன். யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கணக்கு வைப்பது குடும்பத்தில் ஒருவர் படுத்தால் மற்றவர்கள் செய்கிற முதல் வேலை, நானும் செய்தேன். அண்ணன் தூரத்திலிருந்து அவனைப் பார்த்துவிட்டான்.

"என்னடா அங்கயே நிக்கறே? நீதானே நடக்க முடிஞ்சவன், வா."

அவன் வந்தான். வந்து தரையில் உட்கார்ந்தான். "ரெண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன்" என்றான். "உள்ள வர முடியல. உன்னை அப்படிப் பாக்க முடியாதுன்னு தோணிச்சு."

அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "நல்லவேளை வரல," என்றான். "வந்தவங்க எல்லாம் என் தலைமாட்டுல நின்னு அழுதாங்க. மூக்கு அரிச்சா சொறிஞ்சுவிட ஒருத்தர்தான் இருந்தாங்க." இரண்டு பேரும் சிரித்தார்கள். என் கணக்கு நோட்டை மூடிவிட்டேன், வேறென்ன செய்ய.

நிபந்தனையை மீறி ஒரு பேச்சு நடந்தே தீர்ந்தது. பெரியப்பாவை யார் தடுப்பது? எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார். மருத்துவர்களுக்கு நன்றி சொன்னார், ஆஸ்பத்திரிக்கு நன்றி சொன்னார், பணம் கொடுத்து உதவியவர்களைப் பேர் சொல்லிச் சொன்னார். பிறகு குரலை உயர்த்தி, "எல்லாத்துக்கும் மேல, இவனோட மன உறுதி" என்றார். கைதட்டல்.

எனக்கு அந்த மன உறுதி என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போது எரிச்சல் வருகிறது. அண்ணனுக்கு மன உறுதி உண்டு, யார் இல்லை என்றார்கள்? ஆனால் மயலின் மன உறுதியால் வளர்வதில்லை. பக்கத்துக் கட்டிலில் இதே நோயோடு இருந்தவர் இன்னும் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். ஆறு மாதம் ஆகியும் ஐந்தில் ஒருவர் அளவுக்குத் துணையில்லாமல் நடக்க முடிவதில்லை. அவர் அண்ணனைவிட முரட்டுப் பிடிவாதக்காரர். பிசியோதெரபி நேரத்தில் ஒரு நாளும் சலித்துக்கொள்ளாதவர். அவருக்கு உறுதி குறைவு என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். அன்றைக்கு நான் இதைச் சொல்லவில்லை. பெரியப்பாவுக்கு 78 வயது. தம்பி மகன் பிழைத்த சந்தோஷத்தில் இருந்தார்.

அந்தப் பேச்சில் அண்ணி பேர் வரவில்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை. வீட்டுச் சுவரை யாரும் தனியாகக் குறிப்பிடுவதில்லை, அந்த மாதிரி விட்டுப்போயிற்று. இந்த நோயைப் பற்றி ராத்திரி ராத்திரியாகப் படித்த காலத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 1916-இல் இரண்டு ராணுவ வீரர்களைப் பற்றி அந்தப் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியவர்கள் மூன்று பேர். ஜார்ஜ் கில்லன், ழான் அலெக்ஸாந்தர் பாரே, ஆந்த்ரே ஸ்த்ரோல். நரம்பின் மின் அளவீடுகளைச் செய்தவர் ஸ்த்ரோல். நோய்க்குப் பேர் வைத்தபோது மற்ற இருவர் பேரும் நின்றுவிட்டன, ஸ்த்ரோல் பேர் உதிர்ந்துவிட்டது. அவர்களுக்கும் முன்னால், 1859-லேயே, கீழிருந்து ஏறும் வாதம் என்று லாந்திரி என்பவர் எழுதிவைத்திருந்தார். அவர் பேரும் இப்போது அதிகம் புழங்குவதில்லை. பெரியப்பா பேசி முடித்து உட்கார்ந்தபோது எனக்கு ஸ்த்ரோல் ஞாபகம் வந்தார்.

அண்ணி என்ன செய்தார் என்று சொல்வது கடினம், ஏனென்றால் அதில் சம்பவமே இல்லை. அசையாத உடம்பை ஒரே பக்கமாகப் போட்டு வைத்தால் படுக்கைப்புண் வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர்கள் செய்தார்கள். வார்டுக்கு வந்த பிறகும், வீட்டுக்கு வந்த பிறகும் அண்ணி செய்தார். பகலில் நாங்கள் கை கொடுப்போம். ராத்திரி பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து. அலாரம் வைத்து எழுந்திருந்தார். கொஞ்ச நாளில் அலாரம் தேவைப்படவில்லை. அண்ணன் தானாகவே புரண்டு படுக்க ஆரம்பித்து மூன்று மாதத்துக்கு மேலாகிறது. அண்ணி இன்னும் எழுந்திருக்கிறார். ஒரு மணிக்குக் கண் விழித்து, அவன் தானாகத் திரும்பிப் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, மூன்று மணி வரைக்கும் கண்ணை மூடிக் கிடக்கிறார். தீவிர சிகிச்சை முடிந்த நோயாளிகளுக்கு நீண்ட காலம் இருக்கும் தொல்லைகளுக்கு 2010-இல் அமெரிக்க மருத்துவர்கள் கூடி ஒரு பேர் வைத்தார்கள். அதிலேயே குடும்பத்தாருக்கு வருவதற்கும் தனியாக ஒரு பேர் உண்டு. பதற்றம், தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் அதில் அடங்கும். அண்ணியிடம் அதைப் படித்துக் காட்டினேன். "பேர் வெச்சுட்டாங்களா, சரி" என்று மட்டும் சொன்னார்.

பேச்சு முடிந்ததும் அண்ணன் மகள் அவன் முன்னால் வந்து நின்றாள். ஒன்பது வயது. கையில் அதே கணக்கு நோட்டு.

"அப்பா, ஒரே மூச்சுல எண்ணு."

"இப்பவா?"

"இப்பதான். எல்லாரும் இருக்காங்கல்ல."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. 32, 19, 11 என்ற வரிசையைத் தினமும் பார்த்திருக்கிறாள். அந்தப் பல வார வெற்றிடத்தையும் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு வரும் எண்களை அவளே எழுத ஆரம்பித்திருந்தாள்: கழுத்துக் குழாயை எடுத்த வாரத்தில் 7, அடுத்த மாதம் 15, அப்புறம் 24. கூடம் அமைதியானது. அண்ணன் நாற்காலியின் கைப்பிடிகளை அழுத்தி நிமிர்ந்தான். மூச்சை இழுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று.

இருபதில் யாரோ கூடவே முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். இருபத்தைந்தில் பாதிக் கூட்டம் எண்ணியது. முப்பத்திரண்டைத் தாண்டியபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, எண்ண முடியவில்லை. முப்பத்தெட்டில் அவன் முகம் சிவந்தது. நாற்பத்தி மூன்று என்பதில் 'நாற்பத்தி' முழுசாக வந்தது, 'மூன்று' உதடாக வந்தது. மகள் கறாராக இருந்தாள். "மூணு சத்தம் வரல. நாப்பத்திரெண்டுதான்" என்று எழுதினாள். கூடம் இடிந்துவிடும்போலச் சிரிப்பு. பெரியப்பா தானும் எண்ணுகிறேன் என்று ஆரம்பித்து இருபத்தாறில் இருமி உட்கார்ந்தார்.

இந்தச் சத்தத்தில்தான் அம்மா கேட்டார்: "இவ எங்க?"

அண்ணியைக் காணோம். போய்ப் பார்த்தேன். உள்ளறைக் கட்டிலில் குறுக்காகப் படுத்திருந்தார், கால் இரண்டும் தரையில் தொங்க. ஒரு காதுக் கம்மலைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அடுத்ததைக் கழற்றுவதற்குள் தூக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூன்றேகால் மணிக்கு அவர் கூடத்திலிருந்து எழுந்து போனதைச் சித்தி பார்த்திருக்கிறார்.

"எழுப்புடா. எல்லாரும் கிளம்பப் போறாங்க, சொல்லிக்க வேண்டாமா?" என்று அம்மா என் பின்னால் வந்தார்.

"விடும்மா."

அண்ணன் வந்துகொண்டிருந்தான். நாற்காலியிலிருந்து அந்தக் கதவுக்குப் பதினெட்டு அடி இருக்கும். வலது பாதம் இன்னும் முழுதாகத் தூக்காது, அதனால் முட்டியை உயர்த்தி, காலைக் கொஞ்சம் வீசி வைப்பான். ஒவ்வொரு வீச்சையும் 34 பேரும் பார்த்தார்கள். கதவுக்கு வந்ததும் ஊன்றுகோலை என்னிடம் நீட்டினான். கதவின் கைப்பிடி உருண்டைக் குமிழ். அதை ஒரு கையால் திருகுகிற பிடிமானம் அவனுக்கு இன்னும் வரவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் குமிழின் இரு பக்கமும் வைத்து அழுத்தி, தோளால் திருப்பினான். குமிழைத் திருகிப் பிடித்தபடியே கதவைச் சாத்தினான், நாக்கு சட்டத்தில் மோதி 'டக்' என்று சத்தம் வராமல் இருக்க. சாத்திய பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டான்.

கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "மெதுவாப் பேசுங்க," என்றான்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பம் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தது. எல்லாரும் கிசுகிசுத்தார்கள். சித்தப்பா மகனும் நானும் நாற்காலிகளை மடக்காமல் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்தோம். பிள்ளைகள் கட்டைவிரலில் நடந்தார்கள், அதையே விளையாட்டாக்கிக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பெரியப்பா கைத்தடியைத் தரையில் ஊன்றாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி வாசல் வரைக்கும் வந்தார். அண்ணன் அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். விடைபெற வந்தவர்களுக்குத் தலையை மட்டும் அசைத்தான்.

கடைசி ஆள் போனபோது ஐந்து மணி ஆகியிருந்தது. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான், நானும் பார்த்தேன். ஐந்தேகால். உள்ளே சத்தமில்லை. அவன் மகள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் காலடியில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தரை. ஆறு.

ஆறே முக்காலுக்கும் கதவு திறக்கவில்லை.